பக்கத்து இருக்கையில் ஐம்பத்து நாலு கிலோ

காலண்டர் கோணலாகத் தொங்கினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. எழுந்து போய் அதை நேராக்கிவிட்டு வந்தால்தான் அடுத்த வாய். என் மனைவிக்கு இது நன்றாகத் தெரியும். என்னோடு சண்டை போட வேண்டுமென்று தோன்றும் நாட்களில் அவள் வாயைத் திறக்க மாட்டாள். கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் எங்கள் கல்யாணப் போட்டோவை ஒரு விரல் சாய்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். நான் நேராக்குவேன். அவள் மறுபடி சாய்ப்பாள். மூன்றாம் முறை யாராவது ஒருவர் சிரித்துவிடுவோம், பெரும்பாலும் அவள்தான்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. செகந்திராபாத்தில், மாரெட்பள்ளியில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். எனக்கு ஊருக்கு வெளியே ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை, தரப் பரிசோதனைப் பிரிவில். இயந்திர உறுப்புகள் அளவு பிசகாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதும், பிசகியிருந்தால் சிவப்புச் சாயம் தடவி ஒதுக்குவதும் என் பிழைப்பு. சேர்ந்த முதல் வாரமே எங்களுக்கு ஒன்று சொல்லிவிட்டார்கள். கண்ணால் பார்த்துச் சொல்லாதே, கருவியை வைத்துப் பார்த்துச் சொல். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பால்காரரின் படியிலிருந்து தையல்காரரின் டேப் வரை எதையும் சோதிக்காமல் விட்டதில்லை. அந்தத் தெருவில் எனக்கு நண்பர்கள் குறைவு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அவளுக்கு முதுகுவலி என்றுதான் ஆரம்பித்தது. தைலம், வெந்நீர் ஒத்தடம், கட்டிலில் பலகை, எல்லாம் ஆயிற்று. எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் காலை ஏழு மணிக்குத் தொழிற்சாலை பஸ் ஏறினால் மாலைதான் திரும்புவேன். அதுவரை அவளைக் கவனிக்க ஆள் கிடையாது. மதுரையில் அவளுடைய அண்ணன் வீடு இருந்தது, அதற்குப் பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி. மூன்று மாதம் அங்கே இருந்து வைத்தியம் பார்த்துக்கொண்டு வருவது என்று முடிவானது.

ஸ்டேஷனுக்கு எங்கள் காரில் அழைத்துப் போனேன். போலாரத்தில் இருந்த ஒரு ராணுவ அதிகாரி மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய வண்டி அது. பின்சக்கரங்களுக்கு மேலே பாரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டைகள் துருவேறி இறுகிப்போயிருந்தன. ஒவ்வொரு குழியிலும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். நான் நத்தை வேகத்தில் ஓட்டியும் பயனில்லை. ஸ்டேஷன் வாசலில் இறங்கியதும் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுல இனிமே நான் ஏற மாட்டேங்க. திரும்ப என்னைக் கூப்பிட வரும்போது ஜட்கா கொண்டாங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அப்போது அவள் கண்ணில் நீர் நின்றிருந்ததை நான் பார்த்தேன்.

ரயில் வர நேரமிருந்தது. ஸ்டேஷனுக்கு வந்தால் எடை பார்க்கும் மெஷினில் ஏறாமல் அவளால் இருக்க முடியாது. சிவப்பும் பச்சையுமாய் விளக்கு எரிய, உள்ளே சக்கரம் சுற்ற, காசு போட்டதும் ஒரு சின்ன அட்டை வந்து விழுமே, அந்த மெஷின். முதுகைப் பிடித்துக்கொண்டே ஏறினாள். ஐம்பத்து நாலு கிலோ. அட்டையின் பின்பக்கம் ஏதோ ஆரூடம் அச்சிட்டிருந்தது. பயணத்தால் நன்மை என்கிற மாதிரி. அதைப் படித்துவிட்டு என் சட்டைப் பையில் அட்டையைச் செருகினாள்.

"பத்திரமா வச்சிருங்க. திரும்பி வரும்போது ஒரு கிலோ குறைஞ்சிருந்தாலும் எங்க அண்ணன்கிட்ட கேட்டு வாங்கிரலாம்."

மூன்று மாதம் என்றது ஏழு மாதமானது.

அந்த ஏழு மாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் கொடுமை. தொழிற்சாலையில் நாள் முழுக்கத் தெலுங்கும் இங்கிலீஷும். மாடியில் இருந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவார்கள், அதோடு சரி. ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி வழிய, "ஐயய்யோ" என்று கத்தினேன். கத்தியபிறகுதான் உறைத்தது, நான்கு நாளாக என் வாயிலிருந்து வந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான். அவளிடமிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு கடிதம் வரும். நலம், நன்றாகச் சாப்பிடுகிறேன், அண்ணி கவனித்துக்கொள்கிறார்கள், நீங்கள் சாப்பிடுங்கள். மருந்தைப் பற்றிக் கேட்டால் அடுத்த கடிதத்தில் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது. நேரில் போய்ப் பார்க்க இரண்டு முறை லீவு கேட்டேன்; ஆண்டுக் கணக்கெடுப்பு, மேலதிகாரி வருகை என்று இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். சண்டை போட்டாவது போயிருக்க வேண்டும். போகவில்லை. கல்யாணப் போட்டோ சுவரில் நேராகவே இருந்தது. ஏழு மாதமும் இம்மிகூடச் சாயவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

மார்கழித் தொடக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. டாக்டர் ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார், தை பிறந்ததும் வருகிறேன். கடைசி வரியில், ஜட்கா தயாரா என்று கேட்டிருந்தாள்.

அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு மெட்டுகுடாவுக்குப் போனேன். அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டி ஒரு சந்தில் தகரக் கொட்டகை போட்டு ஒரு மெக்கானிக் இருந்தார். என் வயதுக்காரர். உருது பேசும் வீட்டில் பிறந்தவர், ஆனால் ரயில்வேத் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்ததால் தமிழ் பேசுவார். அது முழுக்க அவருடைய தமிழ்தான், இருந்தாலும் அந்த ஊரில் என்னோடு தமிழில் பேச எனக்கிருந்த ஒரே மனிதர் அவர். சில சனிக்கிழமைகளில் வண்டியில் ஒரு குறையும் இல்லாமலே அங்கே போய் நின்றிருக்கிறேன்.

"வீட்டுல அவங்களுக்கு முதுகுவலி. குழியில இறங்கினா உடம்புக்குத் தெரியக்கூடாது. என்ன செய்யலாம்?" என்று கேட்டேன்.

"கமான் மாத்திடலாம் சாப்," என்றார். பட்டைக்கு அவர் மொழியில் கமான். "மெல்லிசுப் பட்டையா ஜாஸ்தி போட்டு, மெத்துமெத்துன்னு. முன்னாடி இருக்கிற முறுக்குக் கம்பியும் அதுக்குத் தக்கன திருப்பி வெக்கணும். அம்மா கட்டில்ல படுத்த மாதிரி வருவாங்கோ."

ராணிகஞ்ச் உதிரிபாகக் கடையில் சொல்லி வைத்துப் புதுப் பட்டைகள் வந்தன. பொருத்துவதற்கு முன் இரண்டையும் தரையில் போட்டு அளந்துவிட்டேன். ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு ஓட்டி வந்தபோது, அதே பழைய குழிகளில் வண்டி பூப்போல இறங்கி ஏறியது. ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே போர்டிகோவுக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வண்டி வலப்பக்கம் சாய்ந்து நின்றது.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயைப் பிடித்து, சக்கரத்துக்கு மேலுள்ள விளிம்புகள் இரண்டையும் இரும்பு ஸ்கேலால் ஒப்பிட்டு அளந்தேன். இடப்பக்கம் ஒன்பது நூல் உயரம். நூல் என்பது கொத்தனார் கணக்கு. எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். காலண்டர் ஒரு நூல் சாய்ந்தாலே தாங்காதவன் நான். டயர்களில் காற்றைச் சோதித்தேன், சரியாக இருந்தது. பல் தேய்த்த பொடி வாயில் காய்ந்துபோகும் வரை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மெக்கானிக்கிடம் போனால் அவர் சிரித்தார். "நக்கோ சாப், கவலை கைக்கு? புது கமான். நாலு நாள் ஓட்டுங்கோ, ஹல்லு ஹல்லு உக்காந்துடும்."

கவலை எதற்கு, மெல்ல மெல்ல அமர்ந்துவிடும் என்கிறார். நாலு நாள் ஓட்டினேன். அது அமரவில்லை. தை பிறக்க இரண்டு வாரம்தான் இருந்தது. முதுகு நொந்தவள், ஒரு பக்கம் சரிந்த இருக்கையில் உட்கார்ந்து வந்தால் வலி கூடுமே ஒழியக் குறையாது. முதல் முறையே வலித்துவிட்டால், இந்த வண்டியும் வேண்டாம், இந்த ஊரும் வேண்டாம் என்று அண்ணன் வீட்டுக்கே திரும்பிவிடுவாள் என்ற பயம் எனக்குள் புகுந்துகொண்டது. அசட்டுப் பயம்தான். ஆனால் தனியாக இருப்பவனுக்குப் பயத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஆளில்லை, அது பாட்டுக்கு வளரும்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொன்னேன். அவர் ஸ்கூட்டரில் சாமான்களோடு வந்து இறங்கி, வண்டியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சாப், தரையே சாஞ்சிருக்கு இல்ல?"

என்னிடம் ஒரு பித்தளை ரசமட்டம் உண்டு, உள்ளங்கை நீளம்தான் இருக்கும். முதல் சம்பளத்தில் வாங்கியது. கண்ணாடிக் குழாய்க்குள் குமிழ் நடுவில் நின்றால் சமம், பக்கத்துக் கோடுகளுக்கு நகர்ந்தால் அந்தப் பக்கம் உயரம். அதைக் கொண்டுவந்து போர்டிகோ தரையில் வைத்தேன். தண்ணீர் ஓடுவதற்காகத் தரையை வலப்பக்கம் மூன்று நூல் சரித்துக் கட்டியிருந்தார்கள். ஊரார் தராசையெல்லாம் சோதித்தவன் என் காலடித் தரையைச் சோதிக்கவில்லை.   தச்சரிடம் இரண்டு பலகையை மூன்று நூல் தடிமனுக்கு இழைத்து வாங்கி வந்து வலப்பக்கச் சக்கரங்களுக்கு அடியில் போட்டோம். ஆக, மிச்சம் ஆறு நூல்.

அதற்கு என் தொழிற்சாலை வழியைப் பிடித்தேன். "அன்னைக்கு என்னென்ன செஞ்சீங்களோ, எதையும் விடாம வரிசையாச் சொல்லுங்க," என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். இடப்பக்கம் ஜாக்கி ஏற்றினேன், பட்டையை மாட்டினேன், போல்ட்டை முடுக்கினேன். வலப்பக்கம் ஜாக்கி ஏற்றினேன், பட்டையை மாட்டினேன். அப்போது சாயா வந்தது. வண்டியை இறக்கி வைத்துவிட்டுக் குடித்தேன். குடித்துவிட்டு முடுக்கினேன்.

சொன்னவர் கண்ணைத் திறந்து தலையில் அடித்துக்கொண்டார். பட்டையின் முனைகளில் புஷ் என்னும் ரப்பர் வளையம் இருக்கும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு பாரம் ஏறினாலும் முழுதாக இறங்க விடாது. சாயா வந்ததால் வலப்பக்கம் தப்பித்தது, இடப்பக்கம் மாட்டிக்கொண்டது. போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை இறக்கி, இருவரும் சேர்ந்து நாலு முறை அமுக்கி ஆட்டிவிட்டு மறுபடி முடுக்கினோம். ரசமட்டத்தை டாஷ்போர்டின் மேல் குறுக்காக வைத்தேன். குமிழ் நட்டநடுவில் நின்றது.

"இப்போ நீங்க உக்காருங்கோ," என்றார்.

ஸ்டியரிங்குக்கு முன் உட்கார்ந்தேன். குமிழ் இடப்பக்கம் ஓடிவிட்டது.

"ஒண்டி ஆளு உக்காந்தா அப்படித்தான் சாப். மெத்து கமான் ஆச்சே." ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். "இங்கே யாரு உக்காருவாங்கோ?"

சாதாரணக் கேள்விதான்.  ஏழு மாதமாக அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. சட்டை மாற்றும்போதெல்லாம் பைக்குப் பை மாற்றி வைத்துவந்த எடை அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "ஹவ்," என்று மெதுவாக ஆமோதித்தார். "அம்மா எடைக்கு வெச்சிடலாம்."

நான் எழுபத்தொரு கிலோ, அவள் ஐம்பத்து நாலு. இரண்டுக்கும் நடுவே வண்டி சமமாக நிற்க வேண்டும். மறுநாள் மளிகைக் கடையில் ஐம்பத்து நாலு கிலோ அரிசி கேட்டேன். "யாபை தீஸ்கோண்டி சார்," என்று கடைக்காரர் ஐம்பதாக எடுக்கச் சொன்னார். ஐம்பத்து நாலுதான் வேண்டுமென்று நின்று, அவருடைய தராசைச் சோதித்து, அவர் முறைப்பையும் வாங்கிக்கொண்டு மூட்டையோடு வந்தேன். அதைப் பக்கத்து இருக்கையில் வைத்து, முதுகுக்கு அவளுடைய தலையணையைக் கொடுத்துக் கயிற்றால் கட்டினோம். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து முன்பக்கப் பாரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பியை, அதன் முனையிலுள்ள பற்களில் ஒவ்வொரு பல்லாகத் திருப்பி வைத்து உயரத்தைச் சரிசெய்தார். அரை நாள் வேலை. கடைசியில் குமிழ் நடுவில் வந்து நின்றது. ரசமட்டத்தை டாஷ்போர்டிலேயே திருகி நிரந்தரமாகப் பொருத்திவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் புத்தி நிறுத்தவில்லை. மூட்டையிலிருந்து பத்துப் பத்துக் கிலோவாக அரிசியை எடுத்து, குமிழ் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தேன். பத்துக் கிலோவுக்கு ஒரு கோடு. வீட்டில் இருந்த அண்டா, குடம், பக்கெட்டெல்லாம் அரிசியாக நின்றது. திரும்ப மூட்டையில் நிரப்பிக்கொண்டிருந்தபோது மாடி வீட்டம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

புதுப் பட்டை பழகுவதற்காக மூட்டையை ஏற்றிக்கொண்டே பத்து நாள் ஓட்டினேன். மாலையில் போலாரம் பக்கம் போவேன். பழைய பங்களாக்கள், பெரிய மரங்கள், ஆளில்லாத ரோடு. முதல் நாள் ஒரு குழியில் இறங்கியதும், "வலிச்சுதா?" என்று என் வாய் கேட்டுவிட்டது. மூட்டையிடம். வெட்கமாக இருந்தது. இரண்டாம் நாள் வெட்கம் போய்விட்டது. தொழிற்சாலையில் நடந்தது, பால் பொங்கியது, லீவு கிடைக்காதது எல்லாம் சொன்னேன். நீ இல்லாமல் இருக்க முடியவில்லை என்பதையும் சொன்னேன். இருபது வருஷ வாழ்க்கையில் அவளிடம் நேரில் ஒருமுறையும் சொன்னதில்லை. வீடு வந்ததும் அந்தப் பக்கத்துக் கதவை ஓசைப்படாமல் சாத்துவேன்.

இதையெல்லாம் எட்டுப் பக்கம் கடிதமாக எழுதினேன், பேசியதை மட்டும் விட்டுவிட்டு. ஒன்பது நூல், சாயா, அட்டை, ஐம்பத்து நாலு கிலோ, பத்துக் கிலோவுக்கு ஒரு கோடு, ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. நீ ஏறி உட்கார்ந்ததும் குமிழ் நடுவில் நிற்காவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று முடித்திருந்தேன். இரண்டே வரியில் பதில் வந்தது. அரிசியில் எறும்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வந்து உட்காருகிறேன்.

தை மாதத்து ஒரு காலையில் அவள் வந்தாள். மெட்ராஸ் வரை அண்ணன் கூட வந்து ரயிலேற்றிவிட்டிருந்தார்; மீதிப் பயணத்துக்குப் பெட்டியில் ஒரு குடும்பம் துணை. சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு படியிலிருந்து இறங்கினாள். முகம் சுருங்கியிருந்தது. கையைப் பிடித்தேன், வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

"என்ன இப்படி இளைச்சிருக்கே?"

"ரெண்டு ராத்திரி தூக்கமில்லைங்க. உங்க கண்ணுதான் ஏழு மாசமாப் பார்க்காத கண்ணு."

எடை மெஷின் அதே இடத்தில் சிவப்பும் பச்சையுமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. "ஏறலையா?" என்றேன். "நக்கோ," என்றாள். வேண்டாம் என்பதற்கு மோண்டா மார்க்கெட்டில் காய்காரர்களிடம் கற்றுக்கொண்ட சொல் அது. கறிவேப்பிலை முதல் என் யோசனைகள் வரை எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லால் தள்ளிவிடுவாள். அவள் வாயிலிருந்து அதைக் கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது. கூலியாள் பெட்டியை டிக்கியில் வைத்தார். இன்னொரு துணிப் பையை, தான் ஏறி உட்கார்ந்ததும் அவரிடமே சொல்லித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். வழியில் தேவைப்படும் சாமான் என்றாள்.

வழியெல்லாம் மெதுவாக ஓட்டினேன். பழைய குழி ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கதவைப் பிடிக்கவில்லை, உதட்டைக் கடிக்கவில்லை. "ரொம்ப நல்லா இருக்குங்க. ஜட்கா தோத்துரும்," என்று கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வண்டியை மெல்லப் பலகைகளின் மேல் ஏற்றி நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். இருவரும் டாஷ்போர்டைப் பார்த்தோம். குமிழ் ஆடியது, ஆடி ஆடி நட்டநடுவில் நின்றது.

"பார்த்தியா!" என்று கத்தினேன். "ஐம்பத்து நாலு! ஒரு கிலோ குறையலை."

அந்தக் கணத்தில் என் மனதிலிருந்து பெரிய பாரம் இறங்கிவிட்டது. கண் பார்த்த சுருங்கிய முகம், கை தொட்ட தளர்ந்த வளையல், எல்லாம் பொய். கருவி சொல்லிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் நான் கற்ற வித்தை அது.

"கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்திருக்கேங்க," என்றாள். சரி, அதற்குள் அந்தப் பையை உள்ளே வைத்துவிடலாம் என்று இறங்கிச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். அவள் அவசரமாக, "அது இருக்கட்டுமே," என்றாள். நான் ஒரு கையால் தூக்கினேன். வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தபோது, உள்ளே கல்லும் இரும்பும் மோதும் சத்தம் கேட்டது. ஒன்றும் புரியாமல் திரும்ப வந்து அவளுக்குப் பக்கத்தில் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

குமிழ் நடுவிலிருந்து கிளம்பி, அவள் பக்கத்து முதல் கோட்டைத் தாண்டி நின்றது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். 

"அண்ணன் வீட்டுக் குழவி," என்றாள் கடைசியில். "ரெண்டு இரும்புச் சட்டி. கடையில கொடுத்து நிறுத்துத்தான் எடுத்தேன், சரியாப் பன்னிரண்டு கிலோ. மதுரை ஸ்டேஷன்ல மெஷின்ல ஏறிப் பார்த்தேங்க, நாப்பத்திரெண்டு. நீங்க ஐம்பத்து நாலுன்னு எட்டுப் பக்கம் எழுதியிருக்கீங்க. மிச்சத்துக்கு நான் எங்கங்க போறது?"

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். வலி முதுகில் இருந்ததே தவிர நோய் வேறிடத்தில் இருந்தது என்பதும், டாக்டர் போகலாம் என்று சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பதும் அதற்குப் பிறகுதான் அவள் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. முதல் நாளே தெரிய வேண்டாமென்று நினைத்தாளாம். ஒரு நாளாவது நான் ஜெயித்த மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தாளாம்.

பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சுவரைத் தொட்டுத் தொட்டு உள்ளே நடந்தாள். கூடத்துக்கு வந்ததும் செய்த முதல் காரியம், கல்யாணப் போட்டோவை ஒரு விரல் சாய்த்ததுதான்.

ஆறு மாதம் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போலாரம் ரோட்டுக்குப் போனோம். "மூட்டையை மட்டும்தான் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று அவள்தான் ஆரம்பித்தாள். மூட்டையிடம் சொன்னதையெல்லாம் அவளிடமும் சொன்னேன், வரிசை மாறாமல். அந்த ஆறு மாதத்தில் மெக்கானிக்கிடம் இரண்டு முறை போய் முறுக்குக் கம்பியைத் திருப்பி வைத்தோம். முதல் முறை நாற்பத்திரண்டுக்கு. இரண்டாம் முறை எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. அவள் உட்கார்ந்திருக்க, குமிழைப் பார்த்தே வைத்துக்கொடுத்தார். ஆடி மாதம் போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்து சில வாரம் கழித்து, வண்டியில் ஒரு குறையும் இல்லாமல் ஒரு சனிக்கிழமை மெட்டுகுடாவுக்குப் போனேன். மெக்கானிக் ஸ்டூலை எடுத்துப் போட்டார். சாயா சொன்னார். குடித்து முடித்ததும் வண்டியைப் பார்த்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒண்டியா ஓட்டுறீங்கோ சாப். வலது பக்கம் நல்லா சாயுது. ஒரு ஆளுக்கு லெவல் பண்ணித் தரவா? அரை மணி வேலை."

ஜன்னல் வழியாக எனக்கு அந்த ரசமட்டம் தெரிந்தது. காலண்டர் கோணினால் சாப்பாடு இறங்காதவன் நான்.

"நக்கோ," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நான் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தேன். வீடு வரும் வரை குமிழ் அவள் பக்கத்திலேயே நின்றது. அந்த வண்டி என்னிடம் இருந்த கடைசி நாள் வரை அது அங்கேயேதான் நின்றது.